உறங்கும் மரவிதையை எழுப்புதல்

வாகை, கொன்றை, சுபாபுல் போன்ற வெப்பமண்டல மரங்களின் விதைகள் முளைக்காமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளிருக்கும் கரு அன்று. நீரை உள்ளே விடாத கெட்டியான மேலுறையே.

விதைகள் சிலவே இருந்தால், ஒவ்வொன்றையும் உப்புத்தாளில் தேய்த்து, உட்பகுதியின் வெளிர்நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். விதைத் தழும்பின் (விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின்) அருகில்தான் முளைவேர் இருக்கும் என்பதால், அதற்கு எதிர்ப்புறத்தைத் தேய்ப்பதே பாதுகாப்பானது. மிகுதியாக இருந்தால், கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதைகளைப் போட்டு, தானாக ஆறவிட்டு, 12 முதல் 24 மணி நேரம் ஊற வைக்கலாம். அடுப்பின் மேலேயே கொதிக்க விட்டால் கரு வெந்துவிடும். மறுநாள் பார்க்கும்போது, நீர் புகுந்த விதை பளபளப்பு மங்கி, நன்றாக உப்பி, விரலால் அழுத்தினால் சற்றே நெகிழும். உப்பாதவற்றை மட்டும் பிரித்தெடுத்து உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம்.

தேக்கின் காய்களை இரவில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் உலர்த்துவதை ஓரிரு வாரங்கள் தொடர வேண்டும். வேம்புக்கு இவை எதுவும் வேண்டா. அதன் முளைப்புத்திறன் விரைவில் குறைவதால், பழத்தின் சதையை நீக்கியவுடனே விதைத்துவிட வேண்டும்.

விதையின் பருமனைப் போல் ஒன்று அல்லது இரண்டு மடங்கு ஆழமே போதுமானது. வடிகால் நன்றாக உள்ள மண்கலவையும் தொடக்கத்தில் பாதி நிழலும் தேவை. ஈரம் தேங்கினால் இளந்தண்டு அடியில் அழுகிச் சாயும். வாகை, சுபாபுல் நாற்றுகளுக்கு, அதே இனத்தின் நலமான மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி கலப்பதை நான் வலியுறுத்துவேன், ஏனெனில் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துத் தரும் வேர்முடிச்சு நுண்ணுயிரிகள் அதனுடன் வந்துசேரும். ஆணிவேர் நாற்று வளரும் பையின் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்குவதற்கு முன்பே நாற்றை மாற்றி நட வேண்டும்.