தோட்டத்துக் காயைச் சந்தைக் காய் மாதிரி சமைக்காதீர்கள்

மாடியில் பத்துத் தொட்டி வைத்து, இரண்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த காய் கடைசியில் சாம்பாரில் நார் நாராக வந்தால் மனசே விட்டுப்போகும். செடி மேல் குற்றம் இல்லை. பறிக்கிற நேரத்திலும் அடுப்பில் வைக்கிற விதத்திலும்தான் பெரும்பாலும் கோளாறு.

"இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வந்துவிடும். அதன்பின் ஒன்றிரண்டு நாள் விட்டாலே முற்றிப்போகும். நுனியை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் சமையலுக்கு, வளைந்துகொடுத்தால் விதைக்கு. மூன்று செடிக் காய் ஒரு பொரியலுக்குத் தேறாதே என்று காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்குக் கிடைத்த நான்கு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு பிடி அவரை, எல்லாம் சேர்த்தால் அருமையான கதம்பச் சாம்பார். முற்றின காயைச் செடியிலேயே விட்டால் புதுக்காய் பிடிப்பதும் குறைந்துவிடும்.

அடுத்தது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி மூன்றையும் நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை அப்படியே குப்பையில் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை பீர்க்கங்காய்க் கூட்டு கசந்தபோது, வளர்த்த பாசத்தில் வெல்லம் போட்டுச் சரிக்கட்டப் பார்த்தேன். அப்படிச் செய்யவே கூடாது. குக்கர்பிடாசின் என்ற நஞ்சுதான் அந்தக் கசப்புக்குக் காரணம். வேகவைத்தாலும் அது போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் நம் நாட்டிலேயே உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து இதை ஆராய்ந்து, கசப்புச் சுரைக்காயைச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. பாகற்காயின் கசப்பு வேறு, அதற்குப் பயம் வேண்டாம். நேற்றுப் பறித்த காய் நன்றாக இருந்தது என்பதற்காக, அதே கொடியின் இன்றைய காயைச் சுவைக்காமல் விடாதீர்கள்.

அப்புறம், "நாம்தான் மருந்தே அடிக்கவில்லையே" என்று பறித்ததை அப்படியே வாயில் போடுவது. காக்கையும் புறாவும் உட்கார்ந்து எழுந்த செடி அது. பஞ்சகவ்யம் தெளித்திருப்போம், தொட்டியில் சாணி உரம் இருக்கும். கழுவித்தான் ஆக வேண்டும். கீரையை அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பக் கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றினால் போதும்.

சமைக்கும்போதும் கடைக்காய்க் கணக்கு உதவாது. இளங்காயில் தண்ணீர்ச் சத்து அதிகம், சீக்கிரம் வெந்துவிடும். புடலங்காயில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினாலே போதும். கத்தரிக்காய் முக்கால் வேக்காடு வந்தபிறகே புளியை ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் வேக நேரமாகும். பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் மணம் போய்விடும். நாலைந்து நாளைக்குச் சமையலறை மேடையே அதற்குப் போதும்.

கீரையைத் திறந்த சட்டியில் வேகவையுங்கள், பச்சை நிறம் மாறாமல் இருக்கும். அதைக் காலையிலேயே பறித்து வாடவிடவும் வேண்டாம். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு மாடி ஏறிக் கிள்ளிக்கொண்டு வந்தால், சோறு வடிக்கும் நேரத்துக்குக் கீரை மசியலும் தயாராகிவிடும்.