ஒரே படம், இரண்டு விடை: மணிக்கட்டு முறிவு வகைப்பாட்டைச் சோதிக்கும் செய்முறை

போன மழைக்காலத்தில் சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மொட்டை மாடிப் பாசியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தவர். காலையில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ‘ஃப்ரைக்மன் 3’ என்று எழுதினேன். மணிக்கட்டு முறிவை எண்ணிட்டு வகைப்படுத்தும் ஒரு முறை அது. மாலையில், யாருடையது என்று கவனிக்காமல் அதே படத்தை எடுத்து ‘4’ என்றேன். அல்னா எலும்பின் (முன்கையில் சுண்டுவிரல் பக்கம் உள்ளது) நுனியில் எள்ளளவு சில்லு பெயர்ந்திருந்தது. காலையில் அது கண்ணில் படவில்லை. அந்தச் சில்லு இருந்தால் இரட்டைப்படை, இல்லையென்றால் ஒற்றைப்படை. 1967இல் வந்த ஃப்ரைக்மன் முறையின் எட்டு வகைகளும் இப்படித்தான் பிரிகின்றன.

ஒரு வகைப்பாட்டை எவ்வளவு நம்பலாம் என்று அளக்கத் தாளும் கால்குலேட்டரும் போதும். ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள். முறிவுகளை வகைப்படுத்தும் இன்னொரு முறையான ஏஓவில் மூன்று பெரும் வகைகள். ஒவ்வொன்றும் மும்மூன்றாகப் பிரிந்து கடைசியில் 27 ஆகிறது. முதல் முயற்சியிலேயே 27க்குப் போகாதீர்கள். பிரிவுகள் கூடக்கூட, பார்ப்பவர்களின் விடைகளுக்குள் ஒற்றுமை குறையும். ‘முறிவு மூட்டுக்குள் போகிறதா, இல்லையா?’ என்ற ஒன்றே போதும்.

படி 2: படங்களைச் சேருங்கள். வந்த வரிசையில் 50 பேரின் படங்கள், நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் சேர்த்து. தெளிவாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கினால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பெயரை மறைத்து எண் ஒட்டுங்கள்.

படி 3: இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரே அறையில் உட்காராதீர்கள். மூத்தவர் “ம்ம்” என்று இழுத்தாலே இளையவர் விடையை மாற்றிவிடுவார். எங்கள் ஊரில் மரியாதை அப்படி!

படி 4: இருவரின் விடைகளையும் நான்கு கட்டங்களில் போடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: இருவரும் ‘ஆம்’ 20, இருவரும் ‘இல்லை’ 18, முதலாமவர் மட்டும் ‘ஆம்’ 7, இரண்டாமவர் மட்டும் ‘ஆம்’ 5. ஒத்துப்போனவை 38. அதாவது 0.76.

இங்கேயே நிறுத்திவிட்டு ‘76 சதவீதம்’ என்று மகிழ்கிறவர்கள் பலர். படத்தைப் பார்க்காமல் காசைச் சுண்டிப் போட்டாலும் சில விடைகள் ஒத்துப்போகுமே! அதைக் கழிக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற அளவைத் தந்தார்.

படி 5: தற்செயலைக் கழியுங்கள். முதலாமவர் மொத்தம் 27 ‘ஆம்’, 23 ‘இல்லை’. இரண்டாமவர் 25, 25. ‘ஆம்’ இரண்டையும் பெருக்கினால் 675, ‘இல்லை’ இரண்டையும் பெருக்கினால் 575, கூட்டினால் 1250. இதை 50இன் வர்க்கமான 2500ஆல் வகுத்தால் 0.50. இதுதான் தற்செயல் பங்கு.

கப்பா = (0.76 − 0.50) ÷ (1 − 0.50) = 0.52.

1977இல் லேண்டிஸ், காக் இருவரும் வகுத்த அளவுகோலில் 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம். 0.81க்கு மேல் போனால்தான் ஏறக்குறைய முழு ஒற்றுமை.

ஒரு பொறி உண்டு. கடுமையான முறிவுகளே வந்து சேரும் பெரிய மருத்துவமனையில் ஏறத்தாழ எல்லாமே ‘ஆம்’ ஆகிவிடும். இருவரும் ‘ஆம்’ 45, கருத்து மாறியவை 3, 2 என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஒற்றுமை 90 சதவீதம். கப்பாவோ பூஜ்யத்துக்கும் கீழே! அதனால் கப்பாவை மட்டும் எழுதாமல் நான்கு கட்டங்களையும் ஆய்வேட்டில் அச்சிடுங்கள்.

படி 6: உங்களையே சோதியுங்கள். நான்கு வாரம் கழித்து, வரிசையைக் கலைத்து, அதே படங்களை மறுபடி பாருங்கள். இப்போது ‘இரண்டாமவர்’ நீங்களேதான். பழைய விடைத்தாளை அதுவரை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். நான் என்னுடையதை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்றாவது நாளே எடுத்துப் பார்த்துவிட்டேன்.