‘அடங்கிட்டான்’ என்று நிம்மதி அடைவதற்கு முன்

திருச்சியில் மாதம் ஒரு சனிக்கிழமை இளம் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். குடும்ப ஆலோசகராக 16 வருடம் ஆகிறது. போன கூட்டத்தில் ஓர் அப்பா சொன்னார்: “மேடம், பையன் இப்ப முன்ன மாதிரி இல்ல. ஒரு பார்வை பார்த்தா போதும், அடங்கிடுறான்.” சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மனசு கனத்துவிட்டது. இதே வார்த்தையை இதே பெருமையோடு என் மாமியாரிடம் நானும் சொல்லியிருக்கிறேன்.

அடிக்கக் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். நல்லபடியாக வளர்க்க வேண்டும் என்று தேடிப் படிக்கிறவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கோபத்தின் உச்சத்தில் பாடம் எடுப்பது

ஆபத்து என்று மூளை முடிவுகட்டிய நொடியில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் முந்திக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. எதிர்த்து நில், இல்லையென்றால் ஓடு என்று உடம்பு தயாராகும் இந்த நிலையை ஹார்வர்டைச் சேர்ந்த உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே விவரித்துவிட்டார். எதிரே நிற்பது புலியா, நோட்டைக் கிழித்த தங்கையா என்றெல்லாம் உடம்பு பார்ப்பதில்லை.

நிதானமாக யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு 25 வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது “ஏன் அப்படிப் பண்ணினே, காரணம் சொல்லு” என்றால் அவனிடம் பதில் இருக்காது. நமக்கு அது திமிராகத் தெரியும், குரலை உயர்த்துவோம். அந்த நேரத்துக்கு “நான் இங்கேதான் இருக்கேன்” என்பது போதும். மற்றதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடங்கியதை ஆறியதாக எடுத்துக்கொள்வது

என் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் ஓடி விளையாடிப் பாயசக் குண்டானைத் தட்டிவிட்டான். நான் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்த குரலில் நாலு வார்த்தை சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் மடியில் கை வைத்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். “பிள்ளையை என்னமா வளர்த்திருக்கே” என்று பெரியவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. பார்வையாலேயே வேலை முடிந்தது. ஆறேழு மாதத்தில் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் வயிற்றுவலி. மருத்துவரிடம் போனோம், ஸ்கேன் எடுத்தோம், எதுவும் தெரியவில்லை. எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த ஆலோசகரிடம் புலம்பியபோது அவர் கேட்டார்: “ஏம்மா, அவன் உங்கிட்ட கடைசியா எப்ப சண்டை போட்டான்?” எனக்கு ஞாபகம் வரவில்லை.

எதிர்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது என்றால் உடம்பு உறைந்துபோகிறது. பாம்பைப் பார்த்ததும் காலை எடுக்க முடியாமல் நின்றுவிடுகிறோமே, அதேதான். சோறு போடுகிற கையே பயமுறுத்துகிற கையாகவும் இருந்தால், குழந்தைக்கு வேறு போக்கிடம் ஏது? வெளியே பார்க்கிறவர்களுக்கு அது அடக்கமான பிள்ளை.

1993-ல் ஜெர்மனியின் ஸ்பாங்லரும் கிராஸ்மனும் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அம்மா அறையை விட்டுப் போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வருவார். சில குழந்தைகள் அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடின. சில குழந்தைகள் கண்டுகொள்ளாமல் பொம்மையோடு இருந்தன. அப்படிச் சமர்த்தாகத் தெரிந்த குழந்தைகளின் இதயமும் மற்றவர்களைப் போலவே வேகமாகத் துடித்தது. அவர்கள் எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியிருந்தது. அழுது அம்மாவிடம் ஒட்டிக்கொண்டு தேறிய குழந்தைகளுக்கு அப்படி ஏறவில்லை.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனசும் ஆறுகிறது. ஆறுதல் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அடங்குவதற்கு ஓர் அதட்டல் போதும். ஆறுவதற்கு நேரம் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பேன். உறைந்த பிள்ளையின் கை பெரும்பாலும் ஜில்லென்று இருக்கும், தோள் தூக்கியே இருக்கும், எதைக் கேட்டாலும் “சரி” என்று வரும். ஆறிய பிள்ளை ஏதாவது கேட்கும். “தண்ணி வேணும்” என்னும். “நீ மட்டும் கத்தலாமா?” என்று மடக்கவும் செய்யும். அந்த எதிர்ப்பேச்சு வந்தால் சந்தோஷப்படுங்கள்.

உறைந்திருக்கும்போது “கண்ணைப் பார்த்துப் பேசு” என்று சொல்லவே வேண்டாம். எதிரே நிற்காமல் பக்கத்தில், தரையில் உட்காருங்கள். கேள்விகளைக் குறையுங்கள். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறம் வேர்க்கடலையை நடுவில் வைத்து இரண்டு பேரும் உரிப்போம். பாதி முறம் காலியாகும்போது அவன் பேச ஆரம்பிப்பான். ஆனால் முதல் தடவை அப்படி அவன் பேசுவதற்கே பல மாதம் ஆனது. என்னிடம் வாய்விட்டுச் சண்டை போட இரண்டு வருடம் ஆனது. அப்புறம் ஒன்று, வயிற்றுவலி என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், ‘எல்லாம் மனசு’ என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியை உத்தரவாக்குவது

மூச்சை நிதானமாக வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது, உண்மைதான். ஆனால் “மூச்சை இழுத்து விடுடா!” என்று அதட்டினால் பிள்ளையின் காதில் விழுவது அதட்டல்தான். நீங்கள் விடுங்கள், அவன் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்பாமல் போவது

கணவன் மனைவி சண்டையில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது சரியாக உள்ளே போகாது என்பார் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். அவருடைய ஆய்வுக்கூடத்தில் சண்டையை நடுவில் நிறுத்தி, கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லித் தம்பதிகளை அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். மறுபடி பேசியபோது துடிப்பும் குறைந்திருந்தது, பேச்சும் தணிந்திருந்தது.

இதைக் கேட்டுவிட்டுப் போன ஒருவர் சண்டை வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய், இரவு 11 மணிக்கு வந்து படுத்துவிட்டார். மனைவிக்கு அது கைவிட்டுப் போனதாகவே பட்டது. “எனக்கு அரை மணி நேரம் வேணும், எட்டு மணிக்குப் பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். எட்டு மணிக்கு வந்து உட்காருங்கள். போன இடத்தில் “அவ எப்படிச் சொல்லலாம்?” என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தால் அரை மணியும் வீண்.

தலையணையைக் குத்தச் சொல்வது

வேண்டாம். கோபத்தை அப்படிக் கொட்டினால் அது கூடத்தான் செய்கிறது என்று உளவியலாளர் பிராட் புஷ்மனின் 2002 ஆய்வு காட்டியது.

‘என் நரம்பு மண்டலம் அப்படி’ என்று தப்பிப்பது

கத்தியதற்கு அது விளக்கம். பிள்ளையிடம் மன்னிப்பு கேட்க வேண்டியது அப்படியே பாக்கி இருக்கிறது.

பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் பஞ்சாயத்து வைப்பது

முதலில் சோறு போடுங்கள். இரவு 9 மணிக்கு மேல் எந்த விசாரணையும் வேண்டாம்.