மாமா வாங்கிய 140 டைல்ஸ்: சுற்றளவு, பரப்பளவைக் கதையாகச் சொல்லித்தர

பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு ‘தர்ட்டி ஃபார்ட்டி சைட்’ என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பெரியவர்கள் பேச்சில் அது தினமும் அடிபடுகிறது. அந்த 30 அடிக்கு 40 அடி மனையையே கதைக்களம் ஆக்கிக்கொள்ளுங்கள். சுற்றி வந்தால் 140 அடி, உள்ளே 1200 சதுர அடி. இரண்டு எண்ணும் எட்டாத தூரத்தில் இருப்பதால், மாற்றிச் சொன்னால் உடனே அபத்தம் தெரியும். முதல் நாளே 4-க்கு 4, 6-க்கு 3 என்ற அளவுகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவற்றில் சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக (16, 18) வரும்; இரண்டும் ஒன்றுதான் போல என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

சிரிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பைக் கதையில் வரும் பெரியவர் செய்து, மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும். மாமாவின் தொப்பையை வைத்து ஜோக் அடித்தால் தொப்பைதான் நினைவில் நிற்கும், கணக்கு நிற்காது.

மருந்தைக் கிள்ளிய தீக்குச்சி 20, காலண்டர் அட்டையில் வெட்டிய சதுரம் 12 போதும். கிள்ளிய குச்சியின் நீளமும் சதுரத்தின் பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். சதுரம் கொஞ்சம் பெரிதானாலும் குச்சிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து எண்ணிக்கை குளறுபடியாகும். ஒரு குச்சி 10 அடி வேலி, ஒரு சதுரம் 100 சதுர அடித் தரை. சதுரங்களை 3-க்கு 4 ஆக அடுக்கி, ஓரம் முழுக்கக் குச்சி வையுங்கள். 14 குச்சி பிடிக்கும்.

இனி கோபாலு மாமா வரலாம். மனை முழுக்கத் தரை போட வேண்டும். கயிறு பிடித்துச் சுற்றி அளக்கிறார், 140 அடி. நேராகக் கடைக்குப் போய், “ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் நூத்தி நாப்பது குடுங்க” என்கிறார். 30 அடிப் பக்கத்திலிருந்து ஒட்டினால் நாலு வரிசை முடிந்து, ஐந்தாவதில் இருபதோடு சரக்கு தீர்ந்துபோகிறது. அத்தை, பாட்டி, வாஷிங் மெஷின் எல்லாம் அந்தப் பட்டையிலேயே வரிசையாக நிற்க, மீதி மனை செம்மண். “மாமா எத்தனை வாங்கியிருக்கணும்?” என்று இங்கே நிறுத்துங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை சதுரங்களை எண்ணி 1200 என்று மாமாவைத் திட்டட்டும்.

ரோஷம் வந்த மாமா வேலிக்குக் கம்பி வாங்கும்போது 1200 அடி கேட்கிறார். எட்டு சுற்று சுற்றியும் 80 அடி மிச்சம். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு நந்தினி பால் பாக்கெட்டை வெளியிலிருந்து எறிய வேண்டியிருக்கிறது.

நீளத்தையும் அகலத்தையும் மட்டும் கூட்டி 70 என்று நிறுத்தும் பிள்ளைக்கு, மாமா இரண்டு பக்கம் மட்டும் சுவர் வைத்து, மூன்றாவது பக்கமாக மாடு நுழைந்து கறிவேப்பிலைச் செடியைத் தின்றுவிட்டது என்றால் போதும்.

இன்னொரு தப்பு ஆழமானது. சுற்றளவு கேட்டால் பிள்ளை ஓரத்துச் சதுரங்களை எண்ணும். 14 வராது, 10 வரும். மூலைச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் வெளியே பார்க்கும் பக்கம் இரண்டு என்பது கண்ணில் படுவதில்லை. சதுரத்தைத் தொடாமல், ஒவ்வொரு குச்சியாகத் தொட்டு வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

அடுத்த நாளுக்கு வில்லன் வேண்டும். பக்கத்து மனைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக மூலையில் 10-க்கு 10 அடியை வளைத்துப்போடுகிறார். மூலைச் சதுரத்தை எடுத்துவிட்டு, அதை ஒட்டியிருந்த இரண்டு குச்சியையும் உள்பக்கம் தள்ளுங்கள். மாமா கயிறு பிடிக்கிறார்: அதே 140! “பாத்தியா, ஒரு அடிகூட குறையலை” என்று அத்தையிடம் பெருமையடிக்கிறார். தரையோ 1100 ஆகிவிட்டது. இந்தக் கதைக்குச் சிரிப்பு சற்றுத் தாமதமாக வரும், அவசரப்படுத்த வேண்டாம்; மொத்தப் பாடத்திலும் இதுதான் உயிர்நாடி. அடுத்து, மூலைக்குப் பதில் 30 அடிப் பக்கத்தின் நடுச் சதுரத்தை எடுத்துக் காட்டுங்கள். வேலி 160 ஆகிறது: நிலமும் போச்சு, கம்பிச் செலவும் கூடிப்போச்சு. 20-க்கு 60 மனையையும் அடுக்கிப் பார்க்கலாம். தரை அதே 1200, வேலி 160.

பள்ளியில் கேட்கும் ஏரியா, பெரிமீட்டர் என்ற பெயர்களைக் கதை முடிந்த பிறகு ஒட்டினால் போதும். ‘அடி’, ‘சதுர அடி’யை மட்டும் ஆரம்பத்திலிருந்தே விடாதீர்கள். “நூறு” என்று மொட்டையாகப் பதில் வந்தால், “நூறு என்ன? கம்பியா, டைல்ஸா?” என்று கடைக்காரர் குரலில் கேளுங்கள்.

பிறகு டேப்பைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். 10-க்கு 12 அடி அறை என்றால் தரைக்கு 120 டைல்ஸ். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் 44 அடி. அதில் 3 அடி வாசலைக் கழிக்க வேண்டும் என்று பிள்ளையே சொல்கிறதா பாருங்கள். சொல்லாவிட்டால், மாமா வாசலுக்குக் குறுக்கேயும் ஸ்கர்ட்டிங் ஒட்டித் தடுக்கி விழட்டும்.