புளியங்கொட்டைக் கோப்பி வறுக்கும் முறை

மேல்நாடுகளில் டான்டெலியன் வேரையும் சிக்கரிக் கிழங்கையும் காயவைத்து, கறுக்க வறுத்து, கோப்பிக்குப் பதிலாகக் குடிக்கிறார்கள். வன்னியில் அந்த வேர்களைத் தேடி அலையத் தேவையில்லை. புளி உடைக்கிற நாளில் முற்றத்தில் குவிகிற கொட்டையே போதும். இதில் கஃபீன் இல்லை, இரவில் குடித்தாலும் நித்திரை கெடாது.

இது பிழையாகிப்போவது இரண்டு இடத்தில். தோல் சரியாகக் கழராவிட்டால் கோப்பி துவர்க்கும், வயிறும் இறுகும். பருப்பு உள்வரை வறுபடாவிட்டால் கஞ்சி மாதிரித் தடித்துப் போகும்.

ஒரு கிலோ கொட்டையை வாளித் தண்ணியில் கொட்டிக் கைகளால் அலசுங்கள். புளிச் சதை கழன்றுவிடும், வண்டு துளைத்த கொட்டைகள் மிதக்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு மற்றதை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு வறுத்தால் தோல் பருப்போடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் வறுவல் மணலில். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கச்சான்காரர் வறுக்கிற மாதிரித்தான்: அரித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலைத் தாச்சியில் சூடாக்கி, கொட்டையைப் போட்டு அகப்பையால் விடாமல் கிளறுங்கள். வெறும் தாச்சியில் வறுத்தால் ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். 10 முதல் 15 நிமிடத்தில் தோல் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். உடனே இறக்கி, மணலை அரித்து எடுங்கள். ஆறியதும் உரலில் மெதுவாகக் குத்திச் சுளகில் புடையுங்கள். தோல் பறந்துபோக, வெண்மஞ்சள் பருப்பு ஏறத்தாழ 700 கிராம் மிஞ்சும். செம்பழுப்புத் தோல் ஒட்டியிருக்கிற பருப்பைப் பொறுக்கி மறுபடி குத்துங்கள். துவர்ப்பு முழுவதும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. இதில் சோம்பல் வேண்டாம்.

இரண்டாவது வறுவலுக்கு முன் பருப்பை நாலைந்து துண்டாக இடித்துக்கொள்ளுங்கள். இந்த முறை மணல் கூடாது, வெடிப்புகளுக்குள் புகுந்து பல்லில் கடிபடும். மிதமான நெருப்பில் 20, 25 நிமிடம் கிளறுங்கள். நிறத்தை வெளியே பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு துண்டை எடுத்துக் குறட்டால் உடைத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது. உள்ளும் புறமும் ஒரே கரும்பழுப்பாக வந்தால் இறக்கலாம். புளியங்கொட்டைப் பருப்பு நெசவில் நூலுக்குப் பசை போடப் பயன்படுகிற பொருள். அந்தப் பசைத்தன்மையை நன்றாக வறுத்துத்தான் குறைக்க முடியும். ஆனால் கரியாகிவிட்டால் கசப்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் கருகும். உடனே சுளகில் பரப்புங்கள். நன்றாக ஆறியபின் உரலில் இடித்து அரிதட்டில் அரியுங்கள். வீட்டு மிக்ஸியில் போடாதீர்கள், இந்தப் பருப்பின் கடினத்துக்கு அலகு பழுதாகக்கூடும்.

தனியாக அருந்தினால் மணம் குறைவு. 250 கிராம் தூளுக்கு 100 கிராம் வறுத்த மல்லி, 20 கிராம் சுக்கு இடித்துச் சேர்த்தால் அருமையாக இருக்கும். மல்லியைத் தனியே வறுக்க வேண்டும், அது சீக்கிரம் கருகும்.

200 மில்லிலீற்றர் கொதிதண்ணிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள். இரண்டு நிமிடம் கொதித்தால் போதும், அதிகம் கொதிக்கவிட்டால் தடிக்கும். வெள்ளைத் துணியில் வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேணிக்கு மேல் வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. தூளை ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வையுங்கள், கட்டிபட்டால் மணம் போய்விட்டது என்று அர்த்தம்.

வேலியோரம் மஞ்சள் பூவோடு நிற்கிற பேயாவரை விதையையும் சிலர் இப்படி வறுப்பதுண்டு. அதைத் தொடாதீர்கள். அந்த விதை நஞ்சு, பிள்ளைகளின் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடியது.