உப்பு லோடு அடிக்கிற லாரிக்கு அடியில் துரு ஏறாமல் பார்ப்பது எப்படி

முள்ளக்காட்டிலோ ஆறுமுகநேரியிலோ உப்பு ஏற்றுகிற வண்டி, உவரி, கூட்டப்புளி பக்கம் மீன் ஏற்றுகிற வண்டி, திருநெல்வேலியில் அரிசி மூட்டை மட்டும் ஏற்றி ஓடுகிற வண்டி, மூன்றும் ஒரே வருஷ மாடலாகவே இருக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். அரிசி வண்டியில் கம்பெனி பெயிண்ட் இன்னும் இருக்கும். மற்ற இரண்டிலும் சேஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டம், செதில் செதிலாக உரியும், நகத்தால் கீறினால் பிஸ்கட் மாதிரி அடுக்காகப் பெயர்ந்து வரும். இதற்கு நம் பக்கம் எல்லோரும் சொல்லும் மருந்து இரண்டுதான். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் ஆயில் அடி, எஃப்.சி. (தகுதிச் சான்று) வந்தால் கறுப்புப் பெயிண்ட் அடி. இரண்டுமே துருவை மறைக்கிற வேலைதான். உள்ளே இருக்கும் உப்பை இறக்காமல் மேலே எதைப் பூசினாலும் காசுதான் தண்டம்.

உப்பு இரும்பைத் தானாகத் தின்றுவிடாது, அதற்கு ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை உப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு கசிய ஆரம்பித்துவிடும், கடலோரத்தில் ராத்திரி நேரம் அவ்வளவு ஈரம் சர்வ சாதாரணம். உப்பளத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாத்தியில் உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும், அது சுமார் 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். அதனால்தான் சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் நிறுத்திப் போட்ட உப்பு வண்டியிலும் சேஸ் இடுக்கு பிசுபிசுவென்றே இருக்கிறது. 'வெயில்ல கிடக்கு, காஞ்சிருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் கீழே இருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு சரி என்று எழுந்துவிடுவார்கள். ஆனால் உப்பு வண்டியில் கேடு ஆரம்பிப்பது சேஸின் மேல்பக்கம்தான், பாடி உட்காருகிற இடத்தில். ஈர உப்பிலிருந்து வடிகிற தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி அங்கேதான் தேங்கும். அடுத்தது சேஸ் சேனலின் உள்பக்கக் கீழ் மடிப்பு, கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேருகிற மூலை, ரிவெட் தலையைச் சுற்றி, பேட்டரி பெட்டிக்குப் பின்னால், டீசல் டேங்க்கைக் கட்டியிருக்கும் பட்டிக்கு அடியில். இரண்டு தகடு ஒட்டியிருக்கிற இடத்தில் துரு வந்தால் இன்னும் மோசம், துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் தகட்டையே நெம்பித் திறந்துவிடும். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும், செத்த இரும்பு 'டொப்' என்று கேட்கும்.

இனி கழுவுவது. உப்பு லோடு இறக்கிய அன்றைக்கே கழுவிவிடுவது நல்லது, முடியாவிட்டால் மறுநாளாவது. வெந்நீர் தேவையில்லை, சாதாரண உப்பு குளிர்ந்த தண்ணீரிலும் ஏறக்குறைய அதே அளவு கரையும், வெந்நீர் கிரீஸ் போகத்தான் உதவும். கம்ப்ரஸரைப் போட்டு எடுத்த எடுப்பிலேயே பிரஷரில் அடித்தால் உப்புச்சேறு இடுக்குக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். முதலில் ஹோஸை வைத்து மேலிருந்து கீழாக நிறையத் தண்ணீர் ஓட விடுங்கள், பாடிக்கும் சேஸுக்கும் நடுவில், சேனலுக்குள், பட்டைக்கு (லீஃப் ஸ்பிரிங்) இடையில். கொஞ்சம் ஊறட்டும், அப்புறம் பிரஷர். பிரேக் பூஸ்டர், வீல் ஹப் சீல், ஒயரிங் கப்ளர், சென்டர் பேரிங் பக்கம் நாசிலைக் கிட்டே கொண்டு போகக்கூடாது. கழுவி முடித்ததும் ஜாயிண்ட், பட்டை பின் எல்லாவற்றிலும் கிரீஸ் அடியுங்கள், உள்ளே புகுந்த தண்ணீரைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளும்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. திசையன்விளை, ராதாபுரம், திருச்செந்தூர் பக்கம் பல போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புது உப்பு வந்து சேரும். வண்டிக் கண்ணாடியில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துக் காய விடுங்கள், தடிப்பாக வெள்ளை பூத்தால் அந்த இடம் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் போர் தண்ணீரில் சேற்றைக் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு டிரம் வைத்துக்கொள்ளலாம். நல்ல தண்ணீர் வேண்டும் என்பதற்காகத் தாமிரபரணிக்குள் வண்டியை இறக்காதீர்கள், வழிகிற ஆயிலும் கிரீஸும் ஊர் குடிக்கிற தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

வாட்டர் சர்வீஸ் முடிகிற நேரத்தில் பையன் வந்து, "அண்ணாச்சி, அடியில ஆயில் அடிச்சு விட்டுருவோமா?" என்பான். அவன் சொல்வது பழைய இன்ஜின் ஆயில், டீசல் கலந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எரிந்த ஆயிலில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கும், ரப்பர் புஷ்ஷையும் ஹோஸையும் ஊதிப் பெருக்கும், தப்பித் தவறி பிரேக் லைனிங்கில் பட்டால் கதை வேறு. சாத்தான்குளம் பக்கம் ஆடிக் காற்றில் தேரி மணல் (சிவப்பு மணல் மேட்டு மண்) பறக்கிற ரோட்டில் ஒரு தடவை போய் வந்தால் அந்த ஆயில் முழுக்கச் செம்மண் அப்பிக்கொள்ளும், அந்த மண் அடுத்த லோடின் உப்புத் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு மழையில் எல்லாம் ரோட்டில் வழியும். ஓட்டிய ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு, தெளித்துவிடுகிற பொருள் இல்லை.

பெரிய வேலையைப் புரட்டாசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. உப்பு சீசன் முடிகிற சமயம், வெயிலும் இருக்கும், ஐப்பசி மழை இன்னும் வந்திருக்காது. வண்டியை நன்றாக அலசி, பஞ்சர் கடை ஏர் வைத்து இடுக்குகளை ஊதி, ஒரு முழு நாளாவது வெயிலில் விட வேண்டும். காய்ந்தபின் எங்கேயாவது வெள்ளை பூத்திருந்தால் மறுபடி அலசல்தான், சலிப்பாகத்தான் இருக்கும். அப்புறம் உரிகிற துருவைச் சுத்தியலாலும் கிரைண்டரில் கப் பிரஷ் போட்டும் எடுங்கள், கண்ணாடி போடாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். பளபளவென்று ஆகாத குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி தடவலாம், துருவைக் கறுப்பான, கெட்டியான பாஸ்பேட்டாக மாற்றும். ஆனால் அது மெல்லிய துருவுக்குத்தான், செதிலாக நிற்கிற துருவின் மேல் தடவினால் மேல்தோல் மட்டும் மாறும்.

அதற்கு மேல் ப்ரைமர். ரெட் ஆக்சைடு மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் உப்பு வண்டிக்கு அது போதாது. இரண்டு பாகமாகக் கலக்கிற எபாக்சி ப்ரைமர் வாங்குங்கள், விலை கூடத்தான், இந்த வேலையில் காசைக் கொட்ட வேண்டிய இடம் அதுதான். ஓரங்களில், வெல்டிங் கோட்டில், போல்ட் தலையில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் நிற்கும், அங்கெல்லாம் முதலில் பிரஷ்ஷால் ஒரு கை தடவிவிட்டு அப்புறம் ஸ்பிரே அடியுங்கள். மேலே தார் மாதிரியான அண்டர்பாடி கோட்டிங் அடிப்பதானால் வீல் ஆர்ச், கேபின் தரை போன்று கல் தெறிக்கிற இடங்களில் மட்டும் போதும். அது காய்ந்து வெடித்தால் வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போய் உட்காரும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே தெரியும். சேனல் உள்பக்கம், மூலைகளில் எல்லாம் மெழுகு அல்லது லானோலின் வகை ஸ்பிரேதான் எனக்குப் பிடித்தது. அது காய்ந்து இறுகாது, இடுக்குக்குள் ஊர்ந்து போகும், வருஷா வருஷம் மேலேயே அடித்துக்கொள்ளலாம். டிரம், லைனிங், பூஸ்டர், ஸ்லாக் (பிரேக் அட்ஜஸ்டர்), ஏர் வால்வு, சைலன்சர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு அடியுங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்துவிடக் கூடாது.

பட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தகடுகளுக்கு நடுவில் போன உப்பு வெளியே வராது, துருக்குழியில்தான் விரிசல் ஆரம்பிக்கும், அப்புறம் ஒருநாள் லோடோடு போகும்போது மெயின் பட்டை முறியும். பட்டறையில் பட்டை இறக்குகிற வேலை வரும்போதே ஒவ்வொன்றையும் துடைத்து கிராஃபைட் கிரீஸ் தடவி அடுக்கச் சொல்லுங்கள். ஏர் டேங்க்கைத் தினம் திறந்து தண்ணீரை விடுங்கள், அது உள்ளே இருந்து அரிக்கிறது. எர்த் ஒயர் சேஸில் சேருகிற இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். பி.எஸ். 6 (புதுப் புகை விதிப்படி வந்த) வண்டியில், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியா திரவத்தின் டேங்க் பக்கம் கசிவு இருந்தால் உடனே கழுவிவிடுங்கள், அந்தத் திரவமும் இரும்பை அரிக்கும். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்ற மறக்க வேண்டாம். சேஸ் மடிப்பிலேயே ஓட்டை விழுந்திருந்தால் மேலே ஒரு தகட்டை ஒட்ட வைத்து ஓட்டுகிற வேலை வேண்டாம், சேஸ் வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

இவ்வளவும் செய்வதை விட சுலபமானது, தண்ணீரைச் சேஸில் படாமல் திருப்புவது. உப்பு வண்டிக்குப் பலகை மேல் கனமான தார்ப்பாயை விரித்து ஓரங்களை உள்பக்கம் ஏற்றிக் கட்டிவிட்டு லோடு ஏற்றுங்கள். மீன் வண்டியில் ஐஸ் தண்ணீர் வடிகிற ஓட்டை பெரும்பாலும் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருக்கும், சேஸுக்குக் கீழே வரை ஒரு ஹோஸ் மாட்டி, முனையில் ஒரு மூடியும் போட்டு, நிறுத்துகிற இடத்தில் மட்டும் திறந்துவிடலாம். புளியரை மலைப்பாதையில் பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழாமலும் இருப்பான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அது எந்த லைனில் ஓடியது என்று கேளுங்கள், பதில் எதுவானாலும் பலகையில் ஒன்றைக் கழற்றச் சொல்லி சேஸின் மேல்பக்கத்தைப் பாருங்கள். கழற்ற முடியாது என்றாலோ, அடியில் கறுப்புப் பெயிண்ட் வாசனை இன்னும் போகாமல் இருந்தாலோ, வேறு வண்டி பார்க்கலாம்.