கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில், போர்ட் லூயிஸிலோ ரோஸ் ஹில்லிலோ வீட்டுக்கு அருகிலுள்ள சின்னக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோர், சீருடை முதல் பஸ் வரை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு ஓர் இடத்தில் கோட்டைவிடுகிறார்கள். விருப்ப மொழி எது என்று கேட்கும் இடம் அது.

ஆங்கிலம், பிரெஞ்சுடன் தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி போன்றவற்றில் ஒன்றைப் பிள்ளை படிக்கலாம். 2012 முதல், இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலும் உண்டு. "சாமியார் பள்ளியில் தமிழ் எங்கே இருக்கப்போகிறது" என்று தாமாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். தலைமை ஆசிரியரிடம் வாய்திறந்து கேளுங்கள். சின்னப் பள்ளியில் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டாலே அதற்குக் கனம் உண்டு.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதைவிடப் பெரிய தவறு. நான்காம் வகுப்பில்தான் என்னிடம் தமிழ் படிக்க வந்தாள் ஒரு சிறுமி. கோயிலில் பாடும் தேவாரத்தை ரோமன் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தாள், பிசகாமல் பாடினாள். அதே வரியைக் கரும்பலகையில் தமிழில் எழுதினேன். எது 'த', எது 'ந' என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை வருத்துகிறது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்கு எழுத்து முதல் வகுப்பிலேயே கைக்கு வர வேண்டும்.

காவடி விரதத்தை மறைக்காதீர்கள். பள்ளி ஆண்டு தொடங்கியவுடனேயே தைப்பூசம் வந்துவிடும். அன்று அரசு விடுமுறை. ஆனால் அதற்கு முந்தைய பத்து நாளும் பிள்ளை வகுப்பில் இருக்கும். பக்கத்துப் பிள்ளை டூனா மீன் வைத்த ரொட்டியை நீட்டும்போது என்ன சொல்வது என்று ஆறு வயதுக் குழந்தை தவிக்கக் கூடாது. ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும்.

ஆறாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு கல்லூரி; இங்கே மேல்நிலைப் பள்ளியைத்தான் அப்படிச் சொல்கிறோம். கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் படித்ததாலேயே கத்தோலிக்கக் கல்லூரியில் இடம் உறுதி என்று இருந்துவிடாதீர்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கிடைக்காது என்று ஒதுங்கவும் வேண்டாம். பாதி இடங்களைக் கத்தோலிக்கருக்கு ஒதுக்கும் வழக்கம் செல்லாது என்று 2004-இல் நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்துவிட்டது. விருப்பக் கல்லூரிகளை எழுதிக் கொடுக்குமுன், ஏழாம் வகுப்பில் அங்கே தமிழ் உண்டா என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.